எந்த நேரத்திலும்

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் பத்தாவது பிரிவு என்று ஒன்று இருந்தது. தொழில் தகராறு ஒன்று இருப்பதாகவோ, எழக்கூடும் என்றோ உரிய அரசு கருதினால், எந்த நேரத்திலும், எழுத்து மூலமான ஆணையினால் அதைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கோ தொழில் தீர்ப்பாயத்துக்கோ அனுப்பலாம் என்பது அதன் சாரம். "கருதினால்", "எந்த நேரத்திலும்", "அனுப்பலாம்" ஆகிய மூன்று சொற்களுக்கும் இடையில் என் வாழ்க்கையின் சில ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய பிரிவைப் பற்றி இனி எதற்கு என்று சிலர் கேட்கலாம். அரசின் கையில் விருப்புரிமை இருக்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை அந்தப் பிரிவின் எழுபத்தெட்டு ஆண்டு வரலாறு காட்டுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது சென்னைக்கு மேற்கே, வாகன உதிரி பாகங்கள் செய்துகொண்டிருந்த ஒரு நடுத்தர ஆலையில். 1990-களின் பிற்பகுதியில் அங்கே சங்கத்தின் துணைச் செயலாளராக இருந்தேன். எங்கள் பிரஸ் ஷாப்பில் 64 காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் இருந்தார்கள். நிரந்தரத் தொழிலாளி ஓட்டும் அதே இயந்திரத்தை, அதே ஷிப்டில், அதே சூப்பர்வைசரின் கீழ் ஓட்டினார்கள். எங்களுக்கு நீலச் சட்டை, அவர்களுக்குக் காக்கிச் சட்டை என்பதும், மாதம் முடிந்ததும் சம்பளக் கவரில் இருக்கும் தொகையும்தான் வேறுபாடு. அவர்களில் சிலர் ஒன்பது ஆண்டுகளாக அங்கேயே இருந்தார்கள். அந்தக் காலத்தில் காண்ட்ராக்டர் மூன்று முறை மாறிவிட்டார், ஆனால் ஆட்களும் இயந்திரமும் மாறவில்லை. இவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1997-இல் கோரிக்கை மனு கொடுத்தோம். நிர்வாகம் மறுத்தது. விவகாரம் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னால் சென்றது.

சமரசம் நடந்த அறை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு நீள மேசை. ஒரு பக்கம் நாங்கள் நால்வர், எதிரே நிர்வாகத்தின் மனிதவள அதிகாரியும் அவருடைய வழக்கறிஞரும், தலைமாட்டில் அலுவலர். ஒவ்வொரு முறையும் அவர் தம் கைப்பட நடவடிக்கைக் குறிப்பு எழுதி இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்குவார். "நிர்வாகத் தரப்பில் கால அவகாசம் கோரப்பட்டது" என்ற வரியை அவர் எத்தனை முறை எழுதினார் என்று பிற்பாடு எண்ணிப் பார்த்தேன். பதினோரு அமர்வுகளில் ஆறில் அந்த வரி இருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்களுடைய அமர்வு முடிவதற்குள் வெளியே வேறு மூன்று ஆலைகளின் சங்கத்தார் காத்திருப்பார்கள். பேச வைப்பதற்கு மேல் சட்டம் அவருக்கு எதையும் தரவில்லை. சமரசம் தொடங்கிய 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்று சட்டம் சொன்னது, இரு தரப்பும் எழுதிக் கொடுத்தால் அதை நீட்டிக்கலாம் என்றும் சொன்னது. இரு தரப்பும் எழுதிக் கொடுத்தோம். பேச்சு முறிந்தால் அரசின் கதவைத் தட்ட வேண்டியிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்தக் கதவு எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் பேச்சை இழுப்பதே மேல் என்று அப்போது தோன்றியது.

1998 பிப்ரவரியில் சமரச முறிவு அறிக்கை கையில் கிடைத்தது. இனி அரசாணை வர வேண்டும். தினமும் முதல் ஷிப்ட் முடிந்து சைக்கிள் நிறுத்தத்துக்கு வரும்போது காக்கிச் சட்டைக்காரர்களில் ஒருவராவது என்னை நிறுத்துவார். "என்னாச்சுண்ணே, ஜி.ஓ. வந்துச்சா?" என்பார். ஒரு மாதம், இரண்டு மாதம் வரை "வந்துடும்" என்று சொன்னேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல் எனக்கே கூச்சத்தைத் தந்தது. தலைமைச் செயலகத்துக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தபோதெல்லாம் "கோப்பு மேலே போயிருக்கிறது" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. 15 மாதங்கள் கழித்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. மேற்படி நபர்கள் ஒப்பந்ததாரரின் தொழிலாளர்கள் என்பதால், அவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் முதலாளி, தொழிலாளி என்ற உறவு இல்லை என்றும், ஆகவே தகராறைத் தீர்ப்புக்கு அனுப்ப முகாந்திரம் இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது.

அந்த உறவு இருக்கிறதா இல்லையா என்பதுதான் எங்கள் தகராறே. எந்தக் கேள்வியைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்டோமோ, அந்தக் கேள்விக்கு அரசு தானே விடை எழுதி, அந்த விடையையே அனுப்பாமல் இருப்பதற்குக் காரணமாகவும் காட்டியது. சாட்சியம் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, ஆலைக்குள் வந்து இயந்திரத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த அநீதி என்று நினைத்துக் குமைந்தேன். மறுநாள் எங்கள் வழக்கறிஞர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, ஜம்ஷெட்பூரில் வாகனங்களை ஓட்டிச் சென்று ஒப்படைக்கும் கான்வாய் ஓட்டுநர்களின் வழக்கைச் சொன்னார். டெல்கோ நிறுவனம் தங்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று ஏறத்தாழ 900 ஓட்டுநர்கள் 1986-இல் கேட்டார்கள். முதலாளி, தொழிலாளி உறவு இல்லை என்று சொல்லி பீகார் அரசு தகராறை அனுப்ப மறுத்தது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 1989-இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. தகராறு வெளிப்படையாகவே பொருளற்றதா என்று பார்க்கலாமே தவிர, அதன் தகுதிக்குள் புகுந்து தீர்ப்பு எழுத அரசுக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னது. மறுபரிசீலனைக்கு என்று திருப்பி அனுப்பாமல், தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும்படி நேராகவே உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்து பத்து ஆண்டுகள் கழித்து, அதே வாசகத்தில் எங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது என்றால், தீர்ப்பு அலுவலகங்களை எட்டவில்லை என்றோ எட்டியும் மதிக்கப்படவில்லை என்றோதான் கொள்ள வேண்டும். இரண்டில் எது என்றாலும் எனக்கு ஆறுதல் இல்லை.

இந்த அதிகாரம் அரசின் கைக்கு எப்படி வந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். இரண்டாம் உலகப் போரின்போது, உற்பத்தி நின்றுவிடக் கூடாது என்பதற்காக, 1942 ஜனவரியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 81-ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. எந்தத் தொழில் தகராறையும் தீர்ப்புக்கு அனுப்பவும், தீர்ப்பை நிறைவேற்ற வைக்கவும் அரசுக்கு அதிகாரம் தந்தது அந்த விதி. போர் முடிந்தது, விதியின் உள்ளடக்கம் 1947-ஆம் ஆண்டின் சட்டத்துக்குள் குடியேறியது. போர்க்காலத்தில் ஓர் அரசுக்கு முதன்மையான கவலை வேலை நிற்காமல் இருப்பதுதான். யார் பக்கம் நியாயம் என்பது அதற்கு அடுத்த கவலை. அமைதிக்காலச் சட்டத்துக்குள்ளும் அந்த வரிசை அப்படியே வந்துவிட்டது என்பது என் எண்ணம். தகராறைத் தீர்ப்புக்கு அனுப்பியதும் வேலைநிறுத்தத்தைத் தடை செய்யலாம் என்ற 10(3) பிரிவு அதற்கு நல்ல சான்று. 1978-இல் எட்வர்ட் கெவென்டர்ஸ் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் எல்லை கட்டியது. எந்தக் கோரிக்கை தீர்ப்புக்கு அனுப்பப்பட்டதோ அதற்கான வேலைநிறுத்தத்தை மட்டுமே தடை செய்யலாம். அனுப்பாத கோரிக்கைக்காக நடக்கும் போராட்டத்தைத் தடுக்க முடியாது என்றது. தீர்ப்பாயத்தின் கதவையும் மூடிவிட்டு, போராட்டத்தின் கதவையும் மூடினால் தொழிலாளி எங்கே போவான் என்ற எளிய கேள்விதான் அதன் அடியில் இருக்கிறது.

நீதிமன்றங்கள் தொடக்கத்தில் அரசுக்கு மிகவும் இடம் கொடுத்தன. இதற்கு முதன்மையான வழக்கு நம் சென்னையிலிருந்தே போனது. நகரத்தின் சினிமாக் கொட்டகை ஊழியர்களுக்கும் நிர்வாகங்களுக்கும் இடையே தகராறு இருப்பதாகச் சொல்லி 1947 மே மாதத்தில் மாகாண அரசு அதைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. தகராறு இன்னதென்று அந்த அரசாணையில் விவரமாக எழுதப்படவில்லை. தீர்ப்பை நிறைவேற்றவில்லை என்று வழக்குக்கு உள்ளான ஒரு கொட்டகையின் நிர்வாக இயக்குநர் அதை எதிர்த்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1952 டிசம்பரில் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி அமர்ந்திருந்த உச்ச நீதிமன்ற அமர்வு அதை மாற்றியது. தகராறை அனுப்புவது ஒரு நிர்வாகச் செயல் என்றும், அரசு எந்த ஆதாரத்தின் பேரில் அந்தக் கருத்துக்கு வந்தது, அந்த ஆதாரம் போதுமா என்பதையெல்லாம் நீதிமன்றம் துருவிப் பார்க்காது என்றும் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பயன் பெற்றவர்கள் தொழிலாளர்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் "நிர்வாகச் செயல்" என்று ஒருமுறை பெயர் வைத்துவிட்டால், அனுப்பும்போது தொழிலாளிக்கு உதவும் அதே பெயர், அனுப்ப மறுக்கும்போது அவனுக்கு எதிராகத் திரும்பும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதுதான் நடந்தது.

மறுக்கும்போது காரணத்தைப் பதிவு செய்து தரப்பினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 12(5) பிரிவு சொன்னதுதான் ஒரே பிடிமானம். 1980-களில் நீதிமன்றங்கள் அந்தப் பிடிமானத்தை இறுக்கிப் பிடித்தன. மத்தியப் பிரதேசத்தில் பாசனத் திட்டம் ஒன்றின் ஊழியர்கள், மத்திய அரசு ஊழியருக்கு இணையான அகவிலைப்படி கேட்டார்கள். கூடுதல் செலவைத் தாங்க முடியாது என்று மாநில அரசு தகராறை அனுப்ப மறுத்தது. சம்பளம் கொடுக்க வேண்டிய முதலாளியும் அரசுதான், வழக்கை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அரசுதான். தன் வீட்டுக்கு எதிரான வழக்கைத் தானே தள்ளுபடி செய்வது போன்ற அந்த ஆணையை 1985-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ஆண்டில் ஹரியானா வழக்கு ஒன்றில், உள்விசாரணையில் குற்றம் நிரூபணமாகிவிட்டதால் அனுப்ப வேண்டியதில்லை என்ற காரணத்தையும் தள்ளியது. அந்த விசாரணை சரியாக நடந்ததா, தண்டனை அளவானதா என்று பார்க்கத்தான் 1971-இல் 11-ஏ பிரிவையே சேர்த்தார்கள். அதைப் பார்க்க வேண்டியது தீர்ப்பாயம்.

அரசே முதலாளியாக இருக்கும் நிலையைப் பற்றி இன்னொரு சொல். நம் மாநிலத்தில் போக்குவரத்துக் கழகங்களின் ஊதிய ஒப்பந்தம் காலாவதியாகும் ஒவ்வொரு முறையும், தொழிலாளர் துறையின் அதிகாரி முன்னிலையில்தான் பேச்சுவார்த்தை நடக்கிறது. அரசுக்குச் சொந்தமான கழகங்கள் ஒரு பக்கம், அரசின் சம்பளம் பெறும் சமரச அலுவலர் நடுவில். அந்த அலுவலர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், எதிரே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் மனத்தில் ஓர் ஐயம் இருக்கத்தான் செய்யும். நேர்மை இருப்பதோடு அது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். அப்போதுதான் தோற்றவனும் தீர்ப்பை ஏற்பான்.

இந்த இடத்தில் வி.வி. கிரியைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1937-இல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் துறை அமைச்சராகவும், 1952-இல் நேருவின் அமைச்சரவையில் அதே துறைக்கும் பொறுப்பேற்றவர். அரசு தகராறுக்குள் நுழைந்து கட்டாயத் தீர்ப்புக்கு அனுப்பும் முறையை அவர் விரும்பவில்லை. இரு தரப்பும் தாமே பேசி முடிக்கும் பழக்கம் அதனால் கெட்டுப்போகிறது என்பது அவர் கருத்து. 1954-இல் வங்கி ஊழியர் தகராறில் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அளித்த தீர்ப்பை, அன்றைய சட்டம் தந்திருந்த அதிகாரத்தைக் கொண்டு மத்திய அரசு ஊழியர்களுக்குப் பாதகமாகத் திருத்தியது. கிரி பதவி விலகினார். பிறகு அமைக்கப்பட்ட ஆணையத்தின் பணியை நீதிபதி கஜேந்திரகட்கர் முடித்துக் கொடுத்தார். அதன் பேரில் 1955-இல் தனிச் சட்டம் வந்தது. தீர்ப்பைத் தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் அரசில் தொழிலாளர் அமைச்சராக நீடிக்க முடியாது என்று ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தது நம் நாட்டில்தான் நடந்தது. தீர்ப்பாயத்தின் முடிவை அரசு நிராகரிக்கவோ மாற்றவோ இடம் தந்த 17-ஏ பிரிவின் பகுதிகளைப் பின்னாளில் ஆந்திர, சென்னை உயர் நீதிமன்றங்கள் செல்லாதவை என்றன. கிரி அன்று சொன்னதை நீதிமன்றங்கள் சட்ட மொழியில் சொல்ல இத்தனை காலம் ஆயிற்று.

எங்கள் கதைக்குத் திரும்புகிறேன். நாங்கள் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் மறுப்பு ஆணையை ரத்து செய்து, 12 வாரத்துக்குள் மறுபடி முடிவெடுக்கச் சொன்னது. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அரசாணை வந்தது. சங்க அலுவலகத்தில் அன்று இனிப்பு கொடுத்தோம். எங்கள் சங்கத் தலைவர், வயதில் மூத்தவர், பழைய மில் தொழிலாளி, இனிப்பை வாங்காமல் அரசாணையை இரண்டு முறை படித்தார். "தோழர், கேள்வியைப் பாருங்க" என்றார். "ஒப்பந்ததாரரின் தொழிலாளர்களான 64 பேரை நிரந்தரமாக்க வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதா?" என்று எழுதியிருந்தது. இந்த ஒப்பந்தம் உண்மையானதா, கண்துடைப்பா என்று கேட்கவே இல்லை. "ஒப்பந்ததாரரின் தொழிலாளர்களான" என்ற அடைமொழியிலேயே அந்த விடை எழுதப்பட்டுவிட்டது.

அனுபவம் இல்லாதவர்களுக்கு இது வார்த்தை விளையாட்டாகத் தோன்றலாம். தீர்ப்பாயம், தன்னிடம் அனுப்பப்பட்ட கேள்வியையும் அதற்கு இயைந்தவற்றையும் மட்டுமே விசாரிக்க முடியும் என்று 10(4) பிரிவு கட்டுப்படுத்தியிருந்தது. 1966-இல் டெல்லி துணி ஆலைகளில் எழுந்த தகராறில், "வேலைநிறுத்தம் நியாயமானதா, சட்டப்படியானதா" என்று அரசு கேட்டு அனுப்பியது. வேலைநிறுத்தமே நடக்கவில்லை என்பது தொழிலாளர் தரப்பு. அரசின் கேள்வியே வேலைநிறுத்தம் நடந்ததை ஒப்புக்கொண்டு தொடங்குவதால், நடந்ததா என்ற கேள்விக்குள் தீர்ப்பாயம் போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஆகவே, அனுப்புவதா மறுப்பதா என்பதைவிட நுட்பமான விருப்புரிமை ஒன்று கேள்வியை எழுதுபவரின் பேனாவில் இருக்கிறது. அது கண்ணுக்குப் படுவதில்லை, அதற்குக் காரணம் சொல்லவும் யாரும் கேட்பதில்லை. நாங்கள் கேள்வியைத் திருத்தக் கோரி மறுபடியும் மனு எழுதினோம். திருத்த ஆணை வர மேலும் ஐந்து மாதம் ஆனது. நல்ல வேளையாகத் திருத்தினோம். 2001 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் செயில் (இந்திய உருக்கு ஆணையம்) வழக்கில், ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள், ஒப்பந்தம் போலியானதா என்பதைத் தொழில் தீர்ப்பாயமே சாட்சியம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடைமொழியோடு இருந்த பழைய கேள்வியை வைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்புக்குப் பின் எங்களால் ஓர் அடியும் எடுத்து வைத்திருக்க முடியாது.

முதலாளிகள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது முழுமையாகாது. பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்தும் ஒருவரை, பதினைந்து ஆண்டுக்கு முன் விலகிப் போனவர் திடீரென்று தீர்ப்பாயத்துக்கு இழுத்தால், வாய்தாவுக்கு வாய்தா அவர் பட்டறையை மூடிவிட்டுத்தான் வர வேண்டும். "எந்த நேரத்திலும்" என்ற சொல் அப்படியும் பயன்பட்டிருக்கிறது. நெடுங்காடி வங்கி வழக்கில், பணிநீக்கம் நடந்து ஏழு ஆண்டுக்குப் பின் ஏற்கெனவே ஆறிப்போன விவகாரத்தை அரசு அனுப்பியது தவறு என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நான் மனப்பூர்வமாக ஏற்கிறேன். வாசலில் ஒருவர் நின்று, வெற்றுத் தகராறுகளைத் தடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அவர் காரணத்தை எழுத வேண்டும், குறித்த நாளுக்குள் எழுத வேண்டும். இந்த இரண்டில் முதலாவதை நீதிமன்றங்கள் ஓரளவு நிலைநாட்டின. இரண்டாவதற்கு யாரும் வழி செய்யவில்லை. மறுத்தால் வழக்குப் போடலாம், பதிலே சொல்லாமல் கோப்பை வைத்திருந்தால் எதை எதிர்த்துப் போடுவது? முடிவெடுக்க உத்தரவிடுங்கள் என்று ஒரு ரிட், எடுத்த முடிவை எதிர்த்து இன்னொரு ரிட் என்று சிறிய சங்கத்தின் சந்தாப் பணம் அதிலேயே கரைந்துவிடும்.

இந்த வாசலால் வரும் கெடுதலைத் தமிழ்நாடு ஓரளவு முன்கூட்டியே உணர்ந்தது. வேலைநீக்கம் செய்யப்பட்ட தனித் தொழிலாளி, சமரசம் முறிந்ததும் அரசாணைக்குக் காத்திராமல் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று 1988-லேயே நம் மாநிலம் 2-ஏ பிரிவைத் திருத்தியது. நாடு முழுவதற்கும் அந்த வசதி 2010-இல்தான் வந்தது. அந்தத் திருத்தத்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் கூட்டாக எழும் கோரிக்கைகளுக்கு, அதாவது ஊதியத்துக்கும் நிரந்தரத்துக்கும் போனசுக்கும், வாசல் அரசின் கையிலேயே இருந்தது.

2024-இல் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நான் ஓய்வு பெற்றவனாக நாளிதழில் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய முதன்மையான கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கத்தின் பதிவு விண்ணப்பம் அரசு அலுவலகத்தில் நிலுவையில் இருந்தது. 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில் பதிவுக்குக் கால வரம்பு எழுதப்படவில்லை. இங்கும் அதே "எந்த நேரத்திலும்"தான். இடையில் அமைச்சர்கள் முன்னிலையில் தொழிலாளரில் ஒரு பகுதியினரோடு நிர்வாகம் உடன்பாடு செய்துகொண்டதாக அறிவிப்பு வந்தது. போராடியவர்கள் அதை ஏற்கவில்லை. போராட்டப் பந்தல் அகற்றப்பட்டது, கைதுகள் நடந்தன. முடிவில் அமைச்சர்களின் தொடர்ந்த பேச்சுவார்த்தையால்தான் வேலைநிறுத்தமும் முடிந்தது, அந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் முதலீட்டாளரை அழைத்து வருவதும், அதே முதலீட்டாளருக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று நியாயம் பேசுவதும் ஒரே அமைச்சரவையின் வேலையாக இருக்கும்போது, விதியில் எழுதிய கால வரம்பு ஒன்றுதான் அந்த அமைச்சரவைக்கே பாதுகாப்பு. பதிவு விண்ணப்பத்துக்கு முப்பது நாளில் விடை என்று சட்டத்தில் இருந்திருந்தால், ஏற்பதோ மறுப்பதோ ஏதோ ஒன்று நடந்திருக்கும். மறுத்திருந்தால் மேல்முறையீடு இருக்கிறது. உயர் நீதிமன்றம் கெடு வைத்த பிறகு 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

இப்போது வந்திருக்கும் தொகுப்புச் சட்டத்தில் பத்தாவது பிரிவின் வாசல் இல்லை. சமரச அலுவலர் 45 நாட்களுக்குள், வேலைநிறுத்த அறிவிப்பு தந்திருந்தால் 14 நாட்களுக்குள், சமரச நடவடிக்கையை முடிக்க வேண்டும். முறிந்தால், அறிக்கை கிடைத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் எந்தத் தரப்பும் நேராகத் தீர்ப்பாயத்தை அணுகலாம். இதை நான் வரவேற்கிறேன். இந்தச் சட்டத்தின் மற்றப் பல பிரிவுகளை, குறிப்பாக எல்லாத் தொழிலகங்களிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதையும், ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி தேவைப்படும் வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தியதையும் நான் எதிர்க்கிறேன். ஆனால் எதிர்ப்பவன் என்பதற்காக இந்த ஒரு திருத்தத்தின் நன்மையை மறைக்க மாட்டேன். அதே சமயம், விருப்புரிமை சட்டத்தை விட்டுப் போய்விடவும் இல்லை. பொதுநலன் கருதிப் புதிய தொழிலகங்களுக்குச் சட்டத்தின் பிரிவுகளிலிருந்து விலக்கு அளிக்கும் அதிகாரம் 96-ஆம் பிரிவில் அரசிடம் இருக்கிறது. எந்த ஆலைக்கு விலக்கு, எதற்காக, எத்தனை காலத்துக்கு என்பதைத் தொழிலாளியைக் கேட்காமலே முடிவு செய்ய முடிந்தால், வாசலில் நின்ற காவல் இடம் மாறி மதிலின் மறுபக்கம் நிற்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். விலக்கு ஆணை ஒவ்வொன்றிலும் காரணம் எழுதப்பட வேண்டும், அது வெளிவருவதற்கு முன் அங்குள்ள சங்கங்களின் கருத்தைக் கேட்க வேண்டும்.

எங்கள் 64 பேரின் வழக்கில் 2005-இல் தீர்ப்பு வந்தது, ஒப்பந்தம் போலியானது என்று. தீர்ப்பு நாளில் அவர்களில் ஆலையில் மிஞ்சியிருந்தவர்கள் 19 பேர். சிலர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள், சிலர் தொகை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள், இருவர் இறந்துபோனார்கள். சைக்கிள் நிறுத்தத்தில் என்னைத் தவறாமல் நிறுத்திக் கேட்டவர் 1999-லேயே ஆட்டோ ஓட்டப் போய்விட்டார். தீர்ப்பைச் சொல்ல அவரைத் தேடிப் போனேன். "நல்லதுண்ணே, இருக்கறவங்களுக்காவது கிடைச்சுதே" என்றார்.

மறுப்புக் கடிதத்தின் நகல் என்னிடம் இன்னும் இருக்கிறது. அதில் கையெழுத்துக்குக் கீழே ஒரு தேதியும், உறையின் மேல் அஞ்சல் முத்திரையில் இன்னொரு தேதியும் உள்ளன. இரண்டுக்கும் இடையே 47 நாட்கள். புதிய சட்டத்தின் 90 நாள் கெடு, முறிவு அறிக்கை தரப்பினர் கையில் கிடைத்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. ஆகவே இப்போது சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் தோழர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது: சமரசம் முறிந்த அன்றே அறிக்கையின் நகலைக் கையெழுத்திட்டுக் கையில் தரும்படி எழுத்து மூலம் கோருங்கள், அனுப்புகைப் பதிவேட்டின் எண்ணைக் குறித்து வையுங்கள், அஞ்சலில் வந்தால் உறையைக் கிழித்து எறியாமல் பத்திரப்படுத்துங்கள்.